நாயை வாக்கிங் கூட்டிப்போக ஆள் வைக்கிறீர்களா? யார் கையில் கயிறு என்று கேளுங்கள்

வேலைக்கும் போய்க்கொண்டு நாயும் வளர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புதிதாகத் தொடங்கிய ஒரு நாய் பராமரிப்புச் சேவையை நம்பி எங்கள் ப்ரௌனியை ஒப்படைத்தோம். கட்டிய பணம் போனது, அவன் பாதங்களும் வெந்துபோயின. பணத்தைக்கூட விட்டுவிடலாம்.

தொடங்கியவரே முதலில் நேரில் வந்தார். வந்ததும் தரையில் உட்கார்ந்து, ப்ரௌனி தானாக வந்து மோந்து பார்க்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் தொட்டார். நாயோடு பழகத் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதனால்தான் சில மாதச் சந்தாவை மொத்தமாகக் கட்டி, வீட்டுச் சாவியையும் கொடுத்தோம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நடை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு நடை, ஒரு நேரத்தில் ஒரே நாய், முடிந்ததும் போட்டோவும் போன வழியின் மேப்பும் வாட்ஸ்அப்பில் வரும், இதுதான் பேச்சு.

போட்டோ தவறாமல் வந்தது. குட்டு உடைந்ததும் ஒரு போட்டோவால்தான். ப்ரௌனியின் பழைய சிவப்பு பெல்ட் இற்றுப்போனதால் நீலத்தில் புதிது மாட்டியிருந்தோம், ஆனால் 'இன்றைய வாக்கிங்' என்று வந்த படத்தில் கழுத்தில் சிவப்பு பெல்ட். பழைய மெசேஜ்களைத் தள்ளிப் பார்த்தால் அதே படம், அதே வெளிச்சம், ஓரத்தில் அதே ஸ்கூட்டர். மேப்பும் அப்படியே, ஒரு வளைவுகூட மாறவில்லை. கேட்டதற்கு "பையன் மாத்தி அனுப்பிட்டான்" என்றார். எந்தப் பையன்? அப்போதுதான் தெரிந்தது, வாடிக்கையாளர்கள் கூடியதும் அவர் வருவதை நிறுத்திவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு ஆட்களிடம் வேலையைக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டுச் சாவியும் அவர்களிடம் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரித்தால், சில நாள் யாரும் வருவதே இல்லை, வருகிற நாளிலும் உச்சி வெயிலில் நாலைந்து நாய்களை ஒரே கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார்.

இதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்த அந்த வாரத்திலேயே ப்ரௌனி ஒரு நாள் வாசலுக்கு ஓடி வரவில்லை. மூலையில் படுத்து முன்னங்காலை நக்கிக்கொண்டே இருந்தான். தூக்கிப் பார்த்தால், கருப்பாக, சொரசொரப்பாக இருக்கவேண்டிய பாத மெத்தையின் ஓரம் உரிந்து தொங்குகிறது, அடியில் இளஞ்சிவப்பாகச் சதை. விரலிடுக்கில் நீர் கோத்த கொப்புளம். டாக்டர் பார்த்த உடனே சுடுதரையில் நடந்த காயம் என்றார். காற்றின் வெப்பம் 25 டிகிரிதானே என்று நாம் நினைப்போம், நேர் வெயிலில் கிடக்கிற தார்ச்சாலை 50 டிகிரியைத் தொட்டுவிடும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடத்தக் கூடாது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அதிலும் பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு அதுவும் சரியாக முடியாது. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நல்ல வேளையாக ப்ரௌனிக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் கட்டுப் பிரித்து மருந்து போடும்போதெல்லாம் காலை உள்ளே இழுத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மீதிச் சந்தாவைக் கேட்டோம். கட்டிய பணம் திரும்பத் தரப்படாது என்பது அவர்கள் விதியாம். மருத்துவச் செலவைப் பற்றிப் பேசியதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். உண்மையை ரிவ்யூவில் எழுதியதற்கு, உங்கள் நாய் கடிக்கிற நாய் என்று பதில் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே போட்டோவையும் மேப்பையும் வைத்து யாரையும் நம்பாதீர்கள். நாளைக்கு கயிற்றைப் பிடிக்கப்போவது யார், அவர் வராவிட்டால் மாற்றாள் யார், அந்த மாற்றாளை நாய்க்கு முன்கூட்டியே பழக்குவார்களா என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை நாய் என்பதையும், வழியில் காயம் பட்டால் எந்த டாக்டரிடம் போவார்கள், செலவு யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் சிறு சிறு தொகையாகப் பணம் கொடுங்கள். இன்னொன்று, ஒழுங்காக வேலை செய்கிறவர் முதல் சந்திப்பிலேயே உங்களிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்பார். எங்களிடம் கேட்கவே இல்லை. அப்படியென்றால் அவன்கூட நடந்த மற்ற நாய்களின் வீட்டிலும் கேட்டிருக்க மாட்டார்கள்தானே? நாய்க்குட்டிகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வரவைத்து உயிரையே எடுக்கிற பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தடுப்பூசி முடியாத குட்டி வைத்திருப்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்கவேண்டும்.

இந்தத் தொழிலைத் தொடங்க நினைக்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள். உண்மையிலேயே தேவை இருக்கிற தொழில் இது, நல்ல ஆள் கிடைக்காமல் எத்தனையோ பேர் தவிக்கிறோம். உங்களால் எத்தனை நாயைக் கவனிக்க முடியுமோ அத்தனையோடு நிறுத்துங்கள். இன்றைக்கு வர முடியவில்லை என்றால் வரவில்லை என்றே சொல்லுங்கள், நாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்வோம்.

கடைசியாக, சேவையை நிறுத்தும்போது சாவியைத் திரும்ப வாங்கிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். அது எத்தனை கை மாறியது என்று தெரியாது. நாங்கள் பூட்டையே மாற்றிவிட்டோம்.