கோபால்ட் அளவு: கைக்கருவியை நம்புவதா, அமிலக் கரைப்பை நம்புவதா?

அம்பாறை மாவட்டத்தின் மகா ஓயாப் பக்கத்திலிருந்து வந்த 42 பாறை மாதிரிகள் கல்லடியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் துணிப்பைகளில் கிடந்தபோது, அவற்றிலுள்ள கோபால்ட்டை இரவல் வாங்கிய எக்ஸ்-கதிர்க் கைக்கருவியால் அளந்து வேலையை முடித்துக்கொள்வதா, அல்லது எல்லாவற்றையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அமிலத்தில் கரைத்து ஐ.சி.பி. முறையில் (கரைசலைச் சூடான பிளாஸ்மாவில் செலுத்தித் தனிமங்களை அளக்கும் முறை) அளப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் இரண்டாவதைத் தெரிவுசெய்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கைக்கருவி ஒரு நிமிடத்தில் எண்ணைக் காட்டிவிடும், ஆய்வுகூடமோ வாரக்கணக்கில் காக்கவைத்துக் காசும் கேட்கும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்காது.

வில்லங்கம் இரும்பில் இருக்கிறது. கோபால்ட் உமிழும் முதன்மை எக்ஸ்-கதிரின் ஆற்றல் 6.93 கிலோ எலக்ட்ரன்வோல்ட். இரும்பின் இரண்டாம் கதிர் 7.06இல் விழுகிறது. இடைவெளி 0.13 மட்டுமே, கைக்கருவியின் பிரித்தறியும் திறனும் ஏறத்தாழ அவ்வளவுதான். பாறையில் இரும்பு நூற்றுக்குப் பத்து, இருபது என்று இருக்க, கோபால்ட் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகளாக, அதாவது சில பத்து பி.பி.எம். அளவில் இருப்பதால், கருவியின் மென்பொருள் இரும்பைக் கழிக்கும்போது விடும் சிறு பிழைகூட கோபால்ட் என்ற பெயரில் திரையில் வந்து நிற்கிறது. காந்தத்தை நீட்டினால் ஒட்டிக்கொள்ளும் ஒரு கறுப்புக் கல்லுக்குக் கைக்கருவி 640 பி.பி.எம். காட்டியது, ஆய்வுகூடம் 58 என்றது. கைக்கருவியின் 42 கோபால்ட் அளவீடுகளையும் இரும்பின் அளவுக்கு எதிரே வரைபடமாகப் போட்டபோது புள்ளிகள் நூலில் கோத்த மணிபோல ஏறிச் சென்றன. அதற்குப் பிறகு கைக்கருவியின் கோபால்ட் நிரலை நான் பார்ப்பதில்லை. திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவைப் போலச் செம்பும் மக்னடைற் என்ற காந்த இரும்புக் கனிமமும் சேர்ந்து கிடக்கும் பாறைகளிலும் இதே பொறி காத்திருக்கும்.

ஆய்வுகூடத்தின் எண்ணையும் பாறையின் பெயரோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். கருங்கல் (கிரனைற்) வகைப் பாறைகளில் கோபால்ட் சில பி.பி.எம். மட்டுமே, எரிமலைப் பாறையான பசாற்றில் 40–50, ஒலிவின் என்ற மக்னீசியக் கனிமம் மிகுந்த மீகாரப் (சிலிக்கா மிகக் குறைந்த) பாறைகளில் 100ஐ ஒட்டி இயல்பாகவே இருக்கும். ஆகவே அத்தகைய மீகாரப் பாறை மாறி உருவான சேர்ப்பன்ரைனில் 110 கிடைத்தால் அதில் அதிசயமில்லை. அதே 110 கருங்கல் சார்ந்த, பட்டைபட்டையாக உருமாறிய நைஸ் பாறையில் கிடைத்தால் அந்த இடத்துக்கு மறுபடி போக வேண்டும்.

கரைப்பிலும் இரண்டு வழிகள் உண்டு. இராச திராவகம் (நைத்திரிக், ஐதரோகுளோரிக் அமிலங்களின் கலவை) கந்தகம் சேர்ந்த சல்பைட்டுக் கனிமங்களை நன்றாகக் கரைக்கும், சிலிக்கா சேர்ந்த சிலிக்கேற்றுகளை அரைகுறையாக விடும். ஐதரோபுளோரிக் அமிலம் சேர்ந்த நான்கமிலக் கரைப்பு குரோமைற் போன்ற பிடிவாதக் கனிமங்கள் நீங்கலாக ஏறக்குறைய அனைத்தையும் கரைத்துவிடும். நான் நான்கமிலத்தையே கேட்டேன், ஏனெனில் நிக்கல், மக்னீசியம், மங்கனீசு, கந்தகம் ஆகியவையும் அதே அறிக்கையில் நம்பத்தக்கவையாக வர வேண்டியிருந்தது. கோபால்ட் மக்னீசியத்தோடும் நிக்கலோடும் சேர்ந்து ஏறினால் அது பெரும்பாலும் ஒலிவினுக்குள் சிறைப்பட்டது, பிரித்தெடுக்க இலாபம் தராது; கந்தகத்தோடோ ஆசனிக்கோடோ ஏறினால் தேடுவதற்குப் பொருள் உண்டு; மங்கனீசோடு ஏறினால் வானிலையாலழிந்த மேற்பரப்பின் ஒட்சைட்டுகளை நினைக்க வேண்டும். இந்த மூன்றாவது வகையில் என் கை பட்டது ஐந்தாறு மாதிரிகளில்தான் என்பதால், அதில் என் சொல்லுக்கு அதிக எடை கொடுக்க வேண்டாம்.

ஆய்வுகூட வழியிலும் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். முதல் தொகுதியில் எல்லா மாதிரிகளிலும் கோபால்ட் 20–30 கூடுதலாக வந்தது. டங்ஸ்டனும் சேர்ந்து 400ஐ ஒட்டி நின்றதுதான் காட்டிக்கொடுத்தது. மாதிரிகளை அனுப்புமுன் நாங்கள் அரைக்கக் கொடுத்த இடத்தில் டங்ஸ்டன் காபைட்டுக் கிண்ணம் இருந்திருக்கிறது. அந்தக் காபைட்டைப் பிணைத்து வைத்திருப்பதே கோபால்ட்தான். உருக்குக் கிண்ணம் சிறிது இரும்பைச் சேர்க்கும், ஆனால் நாங்கள் தேடும் எண்ணைக் கெடுக்காது. இப்போது பத்து மாதிரிக்கு ஒருமுறை, வெறும் வெண்படிகக் கல் ஒன்றையும் மற்றவற்றைப் போலவே இலக்கமிட்டு அரைக்கக் கொடுக்கிறேன்; அதில் கோபால்ட் தென்பட்டால் அது கிண்ணத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.