பழைய செங்கல் முகப்பைக் காட்டி விற்கும் கொண்டோ: முற்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ரொறன்ரோ டவுன்டவுனில் பழைய செங்கல் கட்டடத்தின் முன்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் பெரிய கோபுரம் எழுப்புகிற திட்டங்கள் நிறைய வருகின்றன. அப்படி ஒரு கொண்டோவில் (வீடு உங்களுக்குச் சொந்தம், சுவர் போன்ற பொதுப் பகுதிகள் எல்லா உரிமையாளர்களுக்கும் சேர்த்துச் சொந்தமான அடுக்குமாடி), இன்னும் கட்டாத வீட்டுக்கு முற்பணம் கட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் அப்படி வாங்கினோம். விற்கும்போது சொன்ன வீடு வேறு, சாவி தந்த வீடு வேறு. பில்டரின் பெயரை எழுதவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. இதெல்லாம் எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால் எந்த பில்டரிடம் போனாலும் உங்களுக்கு உதவும்.

ஏன் அந்த இடம் பிடித்தது என்பதையும் சொல்லவேண்டும். என் அண்ணை கனடா வந்த புதிதில் ஸ்பேடினாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1904 ஏப்ரலில் டவுன்டவுனில் பெரிய தீ வந்து 100க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் கட்டிய தடித்த செங்கல் கட்டடங்களில்தான் அந்தத் தொழிற்சாலைகள் இருந்தன. வளைவு வைத்த ஜன்னல்கள், உயரமான கூரை, நிறைய வெளிச்சம். 1996இல் கிங்-ஸ்பேடினாப் பக்கம் சிட்டி, அதாவது நகரசபை, தன் விதிகளைத் தளர்த்தி, குடியிருப்புகளுக்கும் இடம் விட்டது. அதற்குப் பிறகுதான் அங்கே மாடிகள் முளைத்தன. அந்த மாதிரி ஒரு சுவருக்குப் பின்னால் குடியிருக்கலாம் என்று சொன்னபோது எங்களுக்கு உண்மையிலேயே ஆசை வந்தது.

விற்பனை நிலையத்தில் காட்டிய படத்தில் மூன்றாம் மாடி வீட்டின் வரவேற்பறைச் சுவர் முழுக்கச் செங்கல். அதில் ஆள் உயரத்துக்கு மேல் போகும் வளைவு ஜன்னல். கோபுரத்தில் உள்ள அதே அளவு வீட்டை விட, முகப்புக்குப் பின்னால் உள்ள வீட்டுக்குப் பல பத்தாயிரம் டொலர் கூட. "இது ஹெரிட்டேஜ் வீடு, இப்படி இனி யாரும் கட்டப்போவதில்லை" என்றார்கள். சுவரைப் பராமரிக்கிற செலவைப் பற்றி என் கணவர் கேட்டபோது, எங்களைக் கூட்டிப்போன எங்கள் ஆள் ஏஜென்ட் சொன்னது இது: "அண்ணை, அந்தச் சுவரைச் சிட்டி பார்த்துக்கொள்ளும். உங்களிட்ட ஒரு சதமும் கேட்க மாட்டினம்." விற்பனை நிலையத்துப் பெண் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

அந்த ஒரு வசனம் முழுப் பொய். அதற்குக் கீழே வருகிறேன்.

சாவி தருவதற்கு முன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிற நாள் வந்தது. வரவேற்பறையில் செங்கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதன்மேல் வெள்ளை ட்ரைவோல் (உள்சுவரை மூடுகிற ஜிப்சம் பலகை) அடித்திருந்தார்கள். ஜன்னலின் அடிவிளிம்பு தரையோடு ஒட்டி இருந்தது. மேலே இருக்க வேண்டிய வளைவைக் காணவில்லை. வெளியே போய் நிமிர்ந்து பார்த்தால் வளைவு இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூரையும் மேல் வீட்டுத் தரையும் சேருகிற கொங்கிறீட் தட்டு அந்த ஜன்னலின் மேற்பகுதியைக் குறுக்கே கடந்து போகிறது. அந்த இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் தகடு வைத்து மூடியிருக்கிறார்கள்.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பின்னால் ஒரு பொறியியலாளரிடம் கேட்டு விளங்கிக்கொண்டேன். பழைய தொழிற்சாலையின் ஒரு மாடி இன்றைய கொண்டோவின் ஒரு மாடியை விட நல்ல உயரம். கோபுரத்தில் எத்தனை மாடி அடுக்கலாம் என்பதில்தான் பில்டரின் லாபம் இருக்கிறது. அதனால் புதிய மாடிகள் கோபுரத்தின் கணக்குப்படி ஏறுகின்றன, பழைய ஜன்னல்கள் தங்கள் கணக்குப்படி நிற்கின்றன. கவனம் எடுக்கிற பில்டர், முகப்புக்குப் பின்னால் வருகிற மாடிகளை மட்டும் பழைய உயரத்துக்கே அமைப்பார். இல்லையென்றால் தரையைச் சுவரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்துவார். எங்கள் பில்டர் இரண்டையும் செய்யவில்லை. இது கட்டும்போது திடீரென்று வந்த சிக்கலும் அல்ல. எங்களுக்கு அந்தப் படத்தைக் காட்டி விற்றபோதே வரைபடத்தில் தட்டு ஜன்னலைக் கடந்துதான் போகிறது. அதைத் தெரிந்துகொண்டே முழு வளைவையும் படத்தில் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான்.

முறையிட்டோம். பதில் ஒப்பந்தத்தில் இருந்தது. படங்கள் ஓவியரின் கற்பனை, ஜன்னலின் இடமும் அளவும் மாறலாம், கூரை உயரம் இடத்துக்கு இடம் குறையலாம், எழுத்தில் இல்லாத எந்த வாக்குறுதியும் செல்லாது. இந்த வாசகங்கள் எல்லா பில்டரின் ஒப்பந்தத்திலும் இருப்பவைதான். ஆனால் முகப்பைக் காட்டிக் கூடுதல் விலை வாங்கிய வீட்டில் அவை செய்கிற வேலை வேறு. எதற்காக அதிகம் கொடுத்தீர்களோ, அதையே எடுத்துவிட பில்டருக்கு அனுமதி கொடுக்கின்றன.

அப்புறம் சுவர். முகப்பை வைத்துக்கொண்டு கட்டுவது எப்படி என்றால், முதலில் முன்சுவரை இரும்புச் சட்டங்களால் பிடித்து நிறுத்துவார்கள். பின்னால் உள்ளதை இடித்து, நிலத்தடி வாகனத் தரிப்பிடத்துக்காக ஆழமாகத் தோண்டுவார்கள். புதிய கொங்கிறீட் எழும்பியதும் பழைய சுவரை அதோடு உலோக இணைப்புகளால் கட்டுவார்கள். யங் வீதிக்குப் பக்கத்தில் செயின்ட் ஜோசஃப் வீதியில் இப்படி ஒரு நீண்ட சுவர் இரும்புச் சட்டத்துக்குள் தனியே நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். (எங்கள் கட்டடம் அது அல்ல.) கவனமாகச் செய்தால் நல்ல வேலை. இன்னொரு முறையில், சுவரைக் கழற்றி, செங்கல்லுக்கு இலக்கம் போட்டு, வேறிடத்தில் வைத்திருந்து, திரும்பக் கட்டுவார்கள். எங்களுடையதின் ஒரு பகுதி அப்படிக் கட்டியது. திரும்பக் கட்டியதில் புதுச் செங்கலும் கலந்திருக்கிறது.

நூறு வருடம் அந்தச் செங்கல் குளிரைத் தாங்கியதற்கு ஒரு காரணம், உள்ளே எரிந்த சூடு சுவருக்குள் ஊறி அதை உலர்த்திக்கொண்டே இருந்தது. இப்போது உள்பக்கம் இன்சுலேஷன் அடித்து ட்ரைவோல் போட்டால் சூடு சுவருக்குப் போகாது. செங்கல் ஈரத்தோடும் குளிரோடும் நிற்கும். அந்த ஈரம் உறைந்து விரிய, செங்கலின் முகம் உரியத் தொடங்கும். சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் கடினமான சீமெந்துச் சாந்து பூசியிருந்தால் இன்னும் மோசம். ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் மென்மையான செங்கல் வழியாக வெளியேறும். இது பொறியியலாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், அதற்கு ஏற்றமாதிரிச் சுவரை அமைக்க வழிகளும் உண்டு. எங்கள் கட்டடத்தில் இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் நடைபாதையில் செங்கல் சில்லுகள் விழுந்தன. இப்போது முன்வாசலில் சாரம் கட்டிப் பலகைக் கூரை போட்டிருக்கிறது.

திருத்தக் காசு கொடுப்பது யார்? நாங்கள்தான். வெளிச்சுவர் கொண்டோவின் பொதுச் சொத்து. கோபுரத்தின் உச்சியில், அந்தச் சுவரைத் தன் ஜன்னலால் பார்க்கவே முடியாதவரும் பங்கு கட்டவேண்டும். பல திட்டங்களில் பில்டர் அனுமதி வாங்கும்போதே ஒன்ராறியோ பாரம்பரியச் சட்டத்தின் கீழ் சிட்டியோடு ஓர் ஒப்பந்தம் செய்து, அதைக் காணிப் பதிவில் ஏற்றிவிடுவார். சுவரை இன்ன நிலையில் வைத்திருப்பேன், அனுமதி இல்லாமல் தொடமாட்டேன் என்ற பொறுப்பு அது. கட்டி முடித்து பில்டர் போய்விடுவார், பொறுப்பு காணியோடு சேர்ந்து உரிமையாளர்களிடம் வந்துவிடும். உடைந்த ஜன்னலை நினைத்தபடி மாற்ற முடியாது. அதே மரச்சட்டம், அதே பிரிவுகள், சிட்டியின் அனுமதி, அந்த வேலை தெரிந்த கொத்தனார். சாதாரணக் கண்ணாடிக்கோபுரத்துக்கு வருகிற செலவுக்கு மேலே இத்தனையும்.

விற்கும்போது காட்டிய மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் குறைவாகத்தான் இருந்தது. முதல் வருட வரவுசெலவில் துண்டு விழுந்தால் பில்டர் ஈடுகட்டவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு முதல் வருடத்துக்கு மட்டும். கட்டடம் சட்டப்படி கொண்டோவாகப் பதிவாகி ஒரு வருடத்துக்குள் சேமிப்பு நிதி ஆய்வு, அதாவது வருங்காலப் பெரிய திருத்த வேலைகளுக்கு எவ்வளவு சேர்க்கவேண்டும் என்கிற கணக்கு, நடக்கவேண்டும். எங்கள் ஆய்வில்தான் இந்தச் சுவருக்கு எவ்வளவு ஒதுக்கவேண்டும் என்பதே முதன்முறையாக ஒழுங்காகக் கணக்குப் போடப்பட்டது. கட்டணம் பாதிக்கு மேல் கூடியது. சம்பளத்தை எண்ணி எண்ணி வீடு வாங்கிய இளம் குடும்பங்கள் அந்தக் கட்டடத்தில் இருக்கின்றன. கூட்டத்தில் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தாமதம், பதிவுக்கு முன்பே குடியேறி மாதாமாதம் கட்டுகிற காசு, அது மோர்ட்கேஜில் ஒரு சதம்கூடக் கழியாதது, இதெல்லாம் எல்லாப் புதுக் கொண்டோவிலும் உள்ளவை. முகப்பு உள்ள திட்டத்தில் தாமதம் கூடவே வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பழைய கட்டடங்களைக் காப்பதற்கு நான் எதிரி இல்லை. 2005 வரை ஒரு நகரசபையால் இடிப்பதைத் தாமதப்படுத்த மட்டும்தான் முடிந்தது. அதற்குப் பிறகுதான் மறுக்கிற அதிகாரம் வந்தது, அது நல்ல மாற்றம். ரொறன்ரோவின் திட்ட விதிகளே முகப்பை மட்டும் வைத்திருப்பதை ஊக்குவிக்கவில்லை, முழுக் கட்டடத்தையோ அதன் பெரும்பகுதியையோ காப்பதுதான் விருப்பம் என்கின்றன. கட்டடத்தின் அறைகளையும் மாடிகளையும் சேர்த்துக் காத்திருந்தால் எங்கள் ஜன்னல் வெட்டுப்பட்டிருக்காது.

இனி, வாங்கப்போகிறவர்கள் பார்க்கவேண்டியது. இப்படிப்பட்ட திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது பில்டர் சிட்டியிடம் பாரம்பரியத் தாக்க மதிப்பீடு (Heritage Impact Assessment), அதாவது புதிய வேலையால் பழைய கட்டடத்துக்கு என்ன ஆகும் என்று சொல்கிற அறிக்கை, ஒன்றைக் கொடுக்கவேண்டும். சிட்டியின் விண்ணப்பத் தகவல் இணையத்தளத்தில் முகவரியைப் போட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பக்கம் பக்கமாக வரலாறு இருக்கும், அதைத் தாண்டிப் போங்கள். கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற வரைபடத்தைத் தேடுங்கள். அதில் புதிய தரைக் கோடுகள் பழைய ஜன்னல்களை எங்கே சந்திக்கின்றன என்பது அப்படியே தெரியும். உங்களுக்கு விற்கிற மாடி எது என்று பார்த்து, ஜன்னலின் அடியும் தலையும் உங்கள் வீட்டுக்குள் வருகின்றனவா என்று அளந்து பாருங்கள். விற்பனை நிலையத்துப் படத்தை நம்பவேண்டிய தேவையே இல்லை.

செங்கல் உள்ளே தெரியும் என்று சொன்னால், அதை ஒப்பந்தத்தின் இணைப்பில் ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. புது வீட்டுக்குக் கிடைக்கிற உத்தரவாதம் பழைய சுவருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும், சிட்டியோடு செய்த ஒப்பந்தத்தில் என்னென்ன கடமைகள் கொண்டோவுக்கு வருகின்றன, இவை இரண்டையும் உங்கள் லோயரிடம் எழுத்தில் கேளுங்கள். பில்டரோ ஏஜென்டோ சிபாரிசு செய்கிற லோயர் வேண்டாம், கொண்டோ வேலையே செய்கிற ஒருவரை நீங்களாகத் தேடுங்கள்.

ஏற்கெனவே குடியேறி இருப்பவர்கள், பதிவாகி 6 முதல் 10 மாதத்துக்குள் நடக்கிற பொறியியல் தணிக்கையில் முகப்பைத் தனியாக, கிட்டப்போய்ப் பரிசோதிக்கச் சொல்லி நிர்வாக சபையை வற்புறுத்துங்கள். எங்கள் சபை அப்படிச் செய்ததால்தான் சாந்தும் இணைப்புகளும் பில்டர் மேல் உள்ள முறைப்பாட்டில் ஏறியிருக்கின்றன.

இந்த வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு: ஒன்ராறியோவில் பில்டரிடமிருந்து புதுக் கொண்டோ வாங்கினால், ஒப்பந்தமும் வெளிப்படுத்தல் அறிக்கையும் (disclosure statement, கொண்டோவைப் பற்றி பில்டர் தரவேண்டிய விவரங்கள்) வாங்குவோர் கையேடும் உங்கள் கைக்கு வந்து, கடைசியாக வந்ததிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். முழு முற்பணமும் வட்டியோடு திரும்பவேண்டும். ஏஜென்டுக்குத் தொலைபேசியில் சொன்னால் அது விலகல் ஆகாது. எழுத்தில், பில்டருக்கோ அவருடைய லோயருக்கோ, அந்த 10 நாளுக்குள் போய்ச் சேரவேண்டும்.