பழைய மொரிஸ் மைனர் வயரிங்: கல்லடிப் பக்கத்து பாஸிடம் காட்டிய அனுபவம்

மட்டக்களப்பில் பழைய காருக்கு வயரிங் பார்க்க ஆள் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன். கல்லடிப் பாலம் தாண்டி கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையொன்றில், பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு பாஸின் (மெக்கானிக்கின்) கராஜ் அது. வேலை சுத்தம். ஆனால் அவசரமென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எங்களுடையது அப்பா காலத்து மொரிஸ் மைனர் 1000. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக் லைற், சிக்னல், வைப்பர், பெற்றோல் முள் எல்லாம் ஒன்றாகச் செத்துவிடும், என்ஜின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடும். முதலில் காட்டிய இடத்தில் (பெயர் வேண்டாம்) பியூஸ் மாற்றினார்கள், போனது, இன்னும் தடிப்பானது போட்டார்கள், அதுவும் போனது, அப்புறம் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிவிட்டு இனிப் போகாது என்றார்கள். போகவில்லைதான், ஆனால் டாஷ்போர்டுக்குள்ளிருந்து கருகல் வாசம் வரத் தொடங்கியது. கடைசியில் முழு வயரிங்கையும் உருவிப் புதிதாக இழுக்க வேண்டும் என்று சொன்ன தொகையைக் கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த பாஸ் பொனற்றைத் திறக்கவே இல்லை. "மனே, பியூஸ் போகுதெண்டு எனக்கும் தெரியும். எப்ப போகுதெண்டு சொல்லு" என்றார். யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் பிரேக் பிடிக்கும்போது, அதுவும் டிக்கியில் சாமான் இருக்கும் நாட்களில். சரி, அப்போ பின்பக்கம்தான் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

செய்தது இதுதான். பியூஸைக் கழற்றி, அந்த இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு 21 வாற் பல்பைக் கொழுவினார். இப்படிச் செய்தால் ஷோர்ட் (வயர் எங்காவது தகரத்தில் தொடுவது) இருந்தாலும் பியூஸ் எரிந்து வீணாகாது, பல்புதான் பளிச்சென்று எரியும். பின்னாலிருந்த பிரேக் பல்புகளைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பல்பே இல்லாதபோது அந்த வயரில் கரண்ட் போக வழியில்லை, ஆனாலும் முன்னால் கொழுவிய பல்பு விட்டுவிட்டு எரிந்தது. பிறகு டிக்கிக்குள் தலையை விட்டு வயர்க் கட்டைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டே போனார். தகரத்தில் ஓட்டை போட்டு வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இற்றுப்போய், தகர விளிம்பு வயரின் தோலைத் தின்று செம்பு தெரிந்தது. அரைச் சாண் நீளம்கூட இல்லை. இதற்குத்தான் முழு வயரிங்கும் மாற்றப் பார்த்தார்கள்!

அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பனியின் வயர் நிறக் கணக்கு இருக்கிறது, அது இவருக்கு மனப்பாடம். பற்றரியிலிருந்து நேரே வருவது மண்ணிறம், சாவி போட்டதும் வருவது வெள்ளை, அதுவே பியூஸ் தாண்டினால் பச்சை, பச்சையில் ஊதாக் கோடு என்றால் பிரேக் லைற், கறுப்பு எர்த் (கார்ப் பொடியோடு சேரும் வயர்). எங்கள் காரில் எல்லா வயரும் ஊத்தை பிடித்து ஒரே நிறம், ஆனால் சுற்றியிருந்த டேப்பை உரித்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது உள்ளே நிறம் அப்படியே இருந்தது. பியூஸ் கதையும் அவர் சொல்லித்தான் தெரியும்: லூக்காஸ் பியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது எரிந்து போகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். இன்று கடையில் வாங்கும் 35ஐப் போட்டால் பியூஸுக்கு முன் வயர் எரியும்.

பக்கத்தில் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கிற ஊரில் பித்தளை இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்காமல் இருக்காது. கேட்காமலே பின் லைற்றுகளின் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தார். எல்ஈடி பல்பு போடலாமா என்று கேட்டதற்கு மட்டும் முகம் சுளித்தார். சிக்னலை மினுக்கவைக்கும் பழைய பிளாஷர், பல்பு இழுக்கும் கரண்டின் சூட்டில்தான் விட்டுவிட்டு வேலை செய்கிறதாம், எல்ஈடிக்கு அந்த இழுவை போதாது. இன்னொரு எச்சரிக்கை: இந்தக் காரில் பற்றரியின் பொசிற்றிவ்தான் பொடியில் எர்த், இப்போதைய கார்களைப் போல நெகற்றிவ் அல்ல, தெரியாதவர்கள் மாற்றிக் கொழுவிவிடுவார்கள். வேறு எங்காவது பற்றரி மாற்றினால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

குறைகள் உண்டு. போன் எடுக்கமாட்டார். நாளைக்கு என்றால் அடுத்த கிழமை. பில் கிடையாது. கூரை இல்லை, கார் வேப்பமரத்தடியில்தான் நிற்கும், ஆகவே மாரி காலத்தில் கொண்டுபோய் விடாதீர்கள், ஒரு வருத்தத்துக்குப் போய் ஒன்பது வருத்தத்தோடு வரும். கூலி 9,000 ரூபாய் எடுத்தார், வயரும் ரப்பர் வளையமும் நான் வாங்கிக் கொடுத்தது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

காலையில் வெள்ளென போனால் ஆளைப் பிடிக்கலாம். டிக்கியைக் காலி பண்ணிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஏசுவார்.