பிக்சலா, சர்வரா, யூடிஎம்மா: விளம்பரம் கொண்டுவந்த ஆர்டரை எது சரியாக எண்ணுகிறது?

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் சேலை விற்கும் கடைக்காரர் ஒருவர் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி என் முன்னால் வைத்தார். மூன்றும் ஒரே நாளின் கணக்கு. அவருடைய ஆர்டர் நோட்டில் 41. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் விளம்பரக் கணக்கைக் காட்டும் ஆட்ஸ் மேனேஜரில் 26. தளத்துக்கு வருகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில், இன்ஸ்டாகிராம் வழியே வந்ததாக 9. அவர் விளம்பரம் கொடுப்பதோ இன்ஸ்டாகிராமில் மட்டும். "தம்பி, இதில் எதை நம்பி நாளைக்குப் பணம் போடுவது?" என்று கேட்டார்.

விளம்பரக் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இந்தக் கேள்வி எனக்குப் பழகிய கேள்வி. ஆர்டரை எண்ண நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எது எதைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது என்று அருகருகே வைத்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவுகோல் கடைக்காரரின் ஆர்டர் நோட்டுதான். அதிலிருந்து ஒரு எண் விலகினால் ஏன் விலகியது என்று எந்த வழியில் விளக்கம் சொல்ல முடிகிறதோ, அந்த வழிக்குத்தான் பணமும் நேரமும் செலவழிக்க வேண்டும்.

பிக்சல்: சுலபமானது, கடைசிப் பக்கத்தை நம்பி இருப்பது

பிக்சல் என்பது கடையின் இணையதளத்தில் ஒட்டப்படும் சிறு நிரல். வாடிக்கையாளர் பணம் கட்டி முடித்ததும் வரும் 'நன்றி' பக்கம் திறக்கும்போது, அவருடைய பிரவுசரிலிருந்தே மெட்டாவுக்குச் செய்தி போகிறது. அரை மணி நேரத்தில் பொருத்திவிடலாம், செலவும் இல்லை. தொடங்குபவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

பிக்சல் ஏன் பலவீனமாகிவிட்டது என்று கேட்டால் எல்லோரும் ஆப்பிளைக் காட்டுவார்கள். காரணம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஐபோனுக்கு வந்த ஐஓஎஸ் 14.5, ஒருவரைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்த மாற்றத்தால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் இழப்பு இருக்கும் என்று மெட்டாவின் அப்போதைய நிதித் தலைவர் டேவிட் வெய்னர் சொன்னார். ஆளை அடையாளம் வைக்கத் தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்தான் குக்கீகள்; ஆப்பிளின் சஃபாரி பிரவுசர், திறந்த தளம் அல்லாத பிறர் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை 2020 மார்ச்சிலேயே முழுவதுமாகத் தடுத்துவிட்டது.

ஆனால் இளம்பிள்ளைக் கடையின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. அங்கே ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. அந்த 41 ஆர்டர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குரிய நன்றி பக்கம் திறந்ததா என்று சர்வர் பதிவில் பார்த்தோம். 11 ஆர்டர்களுக்கு அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. பதினொன்றும் யுபிஐ.

நடந்தது இதுதான். ஒரு பெண் இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தொடுகிறார். இன்ஸ்டாகிராமுக்கு உள்ளேயே இருக்கும் பிரவுசரில் கடை திறக்கிறது. சேலையைத் தேர்ந்தெடுத்து யுபிஐ என்று அழுத்துகிறார். திரை பணம் செலுத்தும் செயலிக்குத் தாவுகிறது, ரகசிய எண்ணைப் போடுகிறார், பணம் போனதாக வங்கிக் குறுஞ்செய்தி வருகிறது. அவருக்கு வேலை முடிந்துவிட்டது. திரும்பி இன்ஸ்டாகிராமுக்குப் போய் அந்தப் பக்கத்தைப் பார்க்க அவருக்கு எந்த அவசியமும் இல்லை, போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறார். கடைக்கு ஆர்டர் வந்துவிட்டது. பிக்சலுக்கு எதுவும் தெரியாது.

மீதி 30இல் 26ஐ மெட்டா தன் விளம்பரத்தோடு சேர்த்துக்கொண்டது. எஞ்சிய 4 பேர் பழைய வாடிக்கையாளர்களாக இருக்கலாம், மெட்டாவால் அடையாளம் காண முடியாதவர்களாகவும் இருக்கலாம். எங்களுக்குக் கவலை தந்தது அந்த 11தான். அடுத்த விளம்பரத்தை யாருக்குக் காட்டலாம் என்று மெட்டா கற்றுக்கொள்வது இந்தச் செய்திகளிலிருந்துதான். முன்பணம் கட்டும் நல்ல வாடிக்கையாளர்களை அதன் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு, வீட்டு வாசலில் பணம் தருகிறவர்களை மட்டும் காட்டினால், அது எந்த மாதிரி ஆட்களைத் தேடிக் கொண்டுவரும் என்று யோசித்துப் பாருங்கள்.

சர்வர் வழி: உழைப்பு கேட்கும், பலன் தரும்

கன்வர்ஷன்ஸ் ஏபிஐ என்று மெட்டா அழைக்கும் வழியில், செய்தி வாடிக்கையாளரின் பிரவுசரிலிருந்து போகாமல் கடையின் சர்வரிலிருந்து போகிறது. பணம் வந்துவிட்டது என்று பேமென்ட் நிறுவனம் கடைச் சர்வருக்குச் சொன்ன மறுநொடி, சர்வர் மெட்டாவுக்குச் சொல்கிறது. நன்றி பக்கம் திறந்ததா, விளம்பரத் தடுப்பான் இருக்கிறதா என்பதெல்லாம் இங்கே பொருட்டில்லை. மேலே சொன்ன 11 ஆர்டர்களும் இந்த வழியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனால் இதைப் பொருத்துவதில் நடக்கும் தவறுகளை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, தொலைபேசி எண். வாடிக்கையாளர் யார் என்று மெட்டா பொருத்திப் பார்ப்பதற்கு எண்ணையும் மின்னஞ்சலையும் எஸ்ஹெச்ஏ-256 முறையில் 64 எழுத்துச் சரமாக மாற்றி அனுப்ப வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் சரம் முழுவதும் மாறிவிடும். மெட்டாவுக்கு நாட்டின் குறியீடும் சேர்ந்த எண் வேண்டும். நம் கடைகளின் படிவங்களிலோ பத்து இலக்கம்தான் வாங்குகிறோம். முன்னால் 91 சேர்க்காமல் சரமாக்கினால் அது யாருடைய எண்ணோடும் பொருந்தாது. பிழைச் செய்தி எதுவும் வராது; எல்லாம் ஒழுங்காகப் போவதுபோலவே இருக்கும். பொருத்தத்தின் தரத்தைப் பத்துக்கு இத்தனை என்று மெட்டா காட்டும் மதிப்பெண்ணைப் பார்த்தால்தான் சந்தேகமே வரும்.

இரண்டாவது, இரட்டைக் கணக்கு. பிக்சலையும் சர்வரையும் சேர்த்து ஓட்டச் சொல்வதே மெட்டாவின் பரிந்துரை. நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒரே ஆர்டருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் செய்தி வரும்போது, இரண்டிலும் நிகழ்வின் பெயரும் அடையாள எண்ணும் ஒன்றாக இருந்தால் மெட்டா ஒன்றைக் கழித்துவிடும். ஒரு கடையில் பிக்சல் 1043 என்று அனுப்பியது, சர்வர் அதே ஆர்டரை முன்னால் # என்ற ஒரு கட்டக்குறி சேர்த்து அனுப்பியது. மெட்டாவுக்கு இவை இரண்டு ஆர்டர்கள். விற்பனை இரட்டிப்பானதாக நினைத்து அவர்கள் விளம்பரச் செலவை உயர்த்தியிருந்தார்கள். அந்த ஒற்றைக் குறியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது.

மூன்றாவது, முகவரி. பேமென்ட் நிறுவனத்தின் தகவல் வந்ததும் சர்வர் செய்தி அனுப்புகிறது அல்லவா? அவசரமாக நிரல் எழுதுகிறவர் அந்த நேரத்தில் கண்ணில் படும் ஐபி முகவரியை, அதாவது செய்தி எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண்ணை, சேர்த்து அனுப்பிவிடுவார். அது பேமென்ட் நிறுவனத்தின் முகவரி. வாடிக்கையாளரின் ஐபி, பிரவுசர் விவரம், மெட்டாவின் இரண்டு குக்கீகள் ஆகியவற்றை அவர் ஆர்டர் போடும் வேளையிலேயே ஆர்டரோடு சேமித்து வைத்து, பிறகு அதையே அனுப்ப வேண்டும்.

கடைத் தளத்தை நடத்தும் சேவைகள் பலவற்றில் இதற்கென்று ஆயத்த இணைப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு ஆர்டருக்குக் கீழே என்றால் அதுவே போதும். இத்தகைய செய்திகளைப் பல தளங்களுக்கும் பிரித்து அனுப்பும் கூகுள் டேக் மேனேஜரின் சர்வர் வடிவத்தை மேகக் கணினியில் வாடகைக்கு ஓட்டுவது பல தளங்களில் விளம்பரம் கொடுக்கும் பெரிய கடைக்குப் பொருந்தும். இன்ஸ்டாகிராமில் மட்டும் விற்கும் கடைக்கு அந்த மாத வாடகை வீண்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணைச் சரமாக்கி அனுப்புவதால் வாடிக்கையாளரின் அடையாளம் மறைந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். மறையவில்லை. மெட்டாவிடம் அதே எண்ணின் அதே சரம் இருப்பதால்தான் ஆள் பொருந்துகிறார். வாங்குகிறவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறுவது கடையின் கடமை. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைத்தான் மையத்தில் வைக்கிறது. தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தை வேறொரு தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய கடைகளில் நான் வேலையை அங்கிருந்துதான் தொடங்குவேன்.

யூடிஎம்மும் அனலிட்டிக்ஸும்

விளம்பர இணைப்பின் வாலில் சேர்க்கும் குறிப்புகள்தான் யூடிஎம். எந்த விளம்பரத்திலிருந்து ஆள் வந்தார் என்று அது அனலிட்டிக்ஸுக்குச் சொல்லும். இளம்பிள்ளையில் அது ஏன் வெறும் 9 காட்டியது? அங்கும் அதே நன்றி பக்கப் பிரச்சினை ஒரு காரணம். இரவில் இன்ஸ்டாகிராமுக்குள் சேலையைப் பார்த்துவிட்டு, காலையில் குரோமில் கடைப் பெயரைத் தட்டி வாங்கியவர்கள் இன்னொரு காரணம். இரண்டு பிரவுசர்களின் குக்கீகளும் வெவ்வேறு என்பதால் அவர்கள் அனலிட்டிக்ஸுக்குப் புதியவர்கள். போதாக்குறைக்கு, பெரிய எழுத்தில் தொடங்கும் இன்ஸ்டாகிராமும் சிறிய எழுத்தில் தொடங்கும் இன்ஸ்டாகிராமும் அனலிட்டிக்ஸில் இரண்டு தனி வரிசைகள். விளம்பரங்களைப் போட்ட இருவரும் இரண்டு விதமாக எழுதியிருந்தார்கள்.

எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். விளம்பர இணைப்பை ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், சித்தியும் அத்தையும் வாங்கிய சேலைகளெல்லாம் அந்த விளம்பரத்தின் பெயரில் ஏறும்.

ஆட்ஸ் மேனேஜரையும் அனலிட்டிக்ஸையும் ஒப்பிடுகிறவர்கள் தேதியைக் கவனிப்பதில்லை. திங்கட்கிழமை விளம்பரத்தைத் தொட்டவர் வியாழக்கிழமை வாங்கினால், ஆட்ஸ் மேனேஜர் அதைத் திங்கட்கிழமை கணக்கில் வைக்கும். அனலிட்டிக்ஸ் வியாழக்கிழமையில் வைக்கும். மெட்டாவின் வழக்கமான அமைப்பு, தொட்டவர்களை 7 நாளும் வெறுமனே பார்த்தவர்களை 1 நாளும் கணக்கில் கொள்கிறது. அனலிட்டிக்ஸுக்கோ பார்த்தவர்களைத் தெரியவே தெரியாது. ஒரு நாள் கணக்கை ஒப்பிடுவதில் பயனில்லை, இரண்டு வாரத்தைச் சேர்த்து ஒப்பிடுங்கள். முதல் நாள் 26ஐயும் 9ஐயும் வைத்துத் திகைத்ததில் பாதி இந்தத் தேதிக் குழப்பம்தான்.

ஆகவே விளம்பரச் செலவை முடிவு செய்ய யூடிஎம் போதாது. ஆனாலும் அதைக் கைவிடாதீர்கள். ஒவ்வொரு ஆர்டரிலும் அந்தக் குறிப்பைச் சேமித்து வைத்தால், எந்த விளம்பரத்தில் வந்தவர்கள் சேலையைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். அதை வேறு எந்த வழியும் சொல்லாது.

வாசலில் பணம் தரும் ஆர்டர்

பொருள் வந்ததும் பணம் என்ற ஆர்டர்களில் ஒரு பகுதி திரும்பி வரும். கூரியர் செலவு இரண்டு பக்கமும் கடைக்கு. பிக்சலோ ஆர்டர் போட்ட நொடியே 'விற்றாயிற்று' என்று மெட்டாவிடம் சொல்லிவிடுகிறது. எண்ணிக்கை சரி, விற்பனை பொய்.

பொருள் போய்ச் சேர்ந்த பிறகே செய்தி அனுப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது, நடைமுறையில் சிக்கல். விளம்பரத்தைத் தொட்டு ஏழு நாளைத் தாண்டிவிட்டால் மெட்டா அதைத் தன் கணக்கில் சேர்க்காது. வாரத்துக்குச் சுமார் 50 நிகழ்வுகள் கிடைத்தால்தான் ஒரு விளம்பரத் தொகுப்பு கற்கும் கட்டத்தைக் கடக்கும் என்று மெட்டாவே சொல்கிறது. செய்திகளைக் குறைத்தால் சிறு கடை அந்த அளவை எட்டாது. நான் நடுவழியைத் தேர்ந்தெடுக்கிறேன். முன்பணம் கட்டியவர்களின் ஆர்டரை மெட்டாவுக்கு உடனே சொல்வது, மற்றவர்களின் ஆர்டரைக் கடையிலிருந்து பேசி உறுதி செய்த பிறகு சொல்வது. இது சர்வர் வழியில் மட்டுமே சாத்தியம். பிக்சலை விட்டு நகர யுபிஐக்கு அடுத்தபடியாக நான் சொல்லும் காரணமும் இதுதான்.

அந்தத் தொலைபேசிப் பேச்சிலேயே இன்னொரு வழியும் கிடைக்கிறது. இளம்பிள்ளைக் கடையில் ஆர்டரை உறுதி செய்யும் பெண், "எங்கள் கடையை எங்கே பார்த்தீர்கள் அக்கா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறார். "தங்கச்சி சொன்னாள்" என்ற பதில் எந்த மென்பொருளிலும் வராது. மறதியும் உபசாரமும் கலந்த பதில்கள்தான், துல்லியம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் விளம்பரத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை இதைவிட மலிவாக அறிய வழியில்லை.

நிறுத்திப் பார்ப்பது

இதுவரை சொன்ன எல்லா வழிகளும் 'வாங்கியவர் விளம்பரத்தைப் பார்த்தாரா' என்று கேட்பவை. 'விளம்பரம் இல்லாவிட்டால் வாங்கியிருக்க மாட்டாரா' என்பது வேறு கேள்வி, கடினமான கேள்வி. பிரெட் கார்டனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஃபேஸ்புக்கில் நடந்த 15 பெரிய சோதனைகளை எடுத்து, விளம்பரம் காட்டப்படாமல் ஒதுக்கி வைத்த குழுவோடு ஒப்பிட்டார்கள். குழு ஒதுக்காமல் தரவை மட்டும் வைத்துச் செய்த கணக்கீடுகள் பெரும்பாலும் விளம்பரத்தின் பலனை மிகைப்படுத்தின.

சிறு கடையும் இதைச் செய்யலாம். ஒரு மாவட்டத்துக்கு மூன்று வாரம் விளம்பரத்தை நிறுத்தி, அதேபோல் விற்பனையாகும் இன்னொரு மாவட்டத்தோடு ஒப்பிட வேண்டும். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் குறுக்கிடாத காலமாகப் பார்க்க வேண்டும். தினமும் இரண்டு ஆர்டர் வரும் மாவட்டத்தில் வித்தியாசம் தற்செயலில் கரைந்துவிடும். ஆர்டர் அதிகம் வரும் மாவட்டங்களை எடுத்தால்தான் ஏதாவது தெரியும்.

இளம்பிள்ளைக் கடையில் இப்போது பிக்சலும் சர்வரும் ஒரே அடையாள எண்ணோடு ஓடுகின்றன. 91 சேர்ந்துவிட்டது. ஆர்டர் நோட்டில் கடைக்காரர் இரண்டு கட்டங்கள் புதிதாக வரைந்திருக்கிறார்: ஒன்று யூடிஎம் குறிப்புக்கு, மற்றது 'யார் சொன்னார்கள்' என்பதற்கு. நோட்டுக்கும் மெட்டாவுக்குப் போய்ச்சேரும் செய்திகளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு வாரக் கணக்கில் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. பொங்கல் விற்பனை ஓய்ந்ததும் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு மூன்று வாரம் விளம்பரத்தை நிறுத்தப் போகிறோம். மதுரையில் அது வழக்கம்போல ஓடும். நிறுத்துவதற்கு அவர் இன்னும் முழு மனதாக ஒப்புக்கொள்ளவில்லை. தேதியை மட்டும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.