கூண்டா, ஆழ்கூளமா: வீட்டுக் காடைக்கு எது தோது?

காடை வளர்க்க நினைப்பவர்கள் நல்ல குஞ்சு எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது, காடையின் காலுக்கு அடியில் என்ன இருக்கப்போகிறது என்பது. கம்பி வலைக் கூண்டா, உமியோ மரத்தூளோ பரப்பிய ஆழ்கூளமா? இரண்டுக்கும் தீவிர ஆதரவாளர்கள் உண்டு. வீட்டில் பரவலாக வளர்க்கப்படும் ஜப்பானியக் காடையை மட்டும் வைத்து இரண்டையும் பார்க்கலாம்.

முட்டைக்காகவும் குஞ்சுக்காகவும் என்றால் கூண்டுக்குத்தான் என் ஓட்டு. காடை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் முட்டையிடும். அதற்கென்று ஓர் இடம் தேடி உட்காரும் வழக்கமும் பெரிதாகக் கிடையாது. நின்ற இடத்தில் இட்டுவிட்டு நகர்ந்துவிடும். சரிவான வலையில் அந்த முட்டை தானாக உருண்டு வெளியே வந்துவிடும். கூளத்திலோ, பழுப்புப் புள்ளி போட்ட அந்தப் பத்துப் பன்னிரண்டு கிராம் உருண்டையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும். பாதி முட்டையில் எச்சம் ஒட்டிக் கிடக்கும். அழுக்கு முட்டையை அப்படியே இன்குபேட்டரில் வைத்தால் கிருமி உள்ளே போகும். கழுவினால் ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் போய்விடும்.

இன்னொன்று, வம்சக் கணக்கு. கூண்டில் ஓர் அறைக்கு ஓர் ஆண், மூன்று பெண் என்று பிரித்து வைத்தால் எந்தக் குஞ்சுக்கு யார் அப்பன் என்பது தெரியும். கூளத்தில் எல்லாம் கலந்துவிடும். கோழியை விடக் காடைக்கு நெருங்கிய உறவுக் கலப்பு சீக்கிரமே கெடுதல் செய்யும். உடன்பிறப்புகளையே திரும்பத் திரும்ப இணைய விட்டால் சில தலைமுறைகளில் கரு கூடாத முட்டைகளும் பொரிக்காத முட்டைகளும் பெருகும். பலர் இதைத் தீவனக் கோளாறு என்று நினைத்து மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

நோய் விஷயத்திலும் கூண்டுக்குச் சாதகம்தான். இரத்தக் கழிச்சலும் காடைகளைக் கொத்தாகக் கொல்லும் குடற்புண் நோயும் எச்சம் வழியாகப் பரவுபவை. வலையில் எச்சம் கீழே விழுந்துவிடுகிறது. கூளத்தை ஈரமில்லாமல் வைத்திருந்தால் பிரச்சினை குறைவு, ஆனால் அடிக்கடி கிளறிவிட வேண்டும். கூளம் சரியாக இருக்கிறதா என்பதை நின்றபடி மோந்து பார்த்தால் தெரியாது. குனிந்து, காடையின் தலை இருக்கும் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால், காடை நாள் முழுக்கச் சுவாசிப்பது எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயுவைத்தான்.

இத்தனைக்கும் பிறகு கூளத்துக்கு என்ன மிச்சம்? காடையின் நிம்மதி மிச்சம். மண்ணில் புரண்டு குளிப்பது அதன் பிறவிக் குணம். வலைக் கூண்டில் வைத்தாலும் அது விடாது: தீவனத் தொட்டியருகே ஒருக்களித்துப் படுத்து, தீவனத்தை அலகால் இழுத்துச் சிறகுக்குள் தள்ளப் பார்க்கும். பார்க்கவே பாவமாக இருக்கும். கரடுமுரடான வலை பாதத்தைப் புண்ணாக்கும். சண்டையில் தலையில் கொத்து வாங்கும் பறவைக்குக் கூண்டில் ஓடி ஒளிய இடமில்லை. கூளத்தில் ஒரு கவிழ்த்த பெட்டியோ செடியோ வைத்தால் போதும், தப்பித்துக்கொள்ளும்.

உயரம் மட்டும் இரண்டுக்கும் பொதுவான கவலை. மிரண்ட காடை செங்குத்தாக எகிறும். ஒன்று ஓர் அடிக்குள் கூரை இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறடிக்கு மேல். இரண்டுங்கெட்டானாக மூன்றடி வைத்தால் மண்டை உடையும்.

குஞ்சுகள் விஷயத்தில் வாதமே இல்லை, கூளம்தான். பிறந்த குஞ்சு ஏழெட்டு கிராம்தான் இருக்கும், வலைக் கண்ணில் கால் மாட்டிக்கொள்ளும். வழவழப்பான செய்தித்தாளும் கூடாது. வழுக்கிக் கால் விரிந்துபோனால் அப்புறம் நிமிர்வது கஷ்டம். முதல் ஓரிரு நாள் கூளத்தின் மேல் சொரசொரப்பான துணியை விரித்துவிட்டால் கூளத்தைத் தின்னாது. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட மறந்தால் குஞ்சு அதில் மூழ்கியே செத்துவிடும்.

பொரிப்பதில் எந்தத் தரையும் உதவாது. இந்தக் காடை அடைகாப்பதையே பெரும்பாலும் மறந்துவிட்ட இனம். இன்குபேட்டரில் 37.5 டிகிரியில் 17, 18 நாள் வைக்க வேண்டும். கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பக் கூடாது.

ஆக, நாலைந்து காடையைச் சும்மா ஆசைக்கு வளர்ப்பவர் கூண்டை மறந்துவிடலாம். இனப்பெருக்கம் செய்பவர் இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் சரி. குஞ்சுகள் மூன்று வாரம் கூளத்தில் வளரட்டும். அதற்குள் நெஞ்சு இறகு காட்டிக்கொடுத்துவிடும்: செம்பழுப்பாக இருந்தால் ஆண், கரும்புள்ளி இருந்தால் பெண். (வெள்ளைக் காடையில் இந்த வித்தை பலிக்காது.) தேர்ந்த குடும்பங்களைக் கூண்டுக்கு மாற்றி, உள்ளே ஒரு மணல் தட்டு வையுங்கள். காலையில் வைத்து மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முட்டையெல்லாம் அதில்தான் கிடக்கும்.