பழைய கார் செட்டில் போன் பாட்டு: எஃப்எம் குச்சியா, ஆக்ஸ் ப்ளூடூத்தா?

உங்கள் கார் செட்டின் முகப்பில் ஹெட்போன் பின் நுழைகிற மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருந்து, பக்கத்தில் ஆக்ஸ் என்று எழுதியிருந்தால், போன் பாட்டை ஒயர் இல்லாமல் கேட்க எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்க வேண்டாம். அந்த ஓட்டையில் செருகும் ப்ளூடூத் ரிசீவரை வாங்குங்கள். காரைக்குடியில் சவாரி ஓட்டும் என் பழைய எட்டியோஸில் இரண்டையும் மாதக்கணக்கில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் வண்டியில் இருப்பது சாதாரண செட். ரேடியோ, சிடி, ஆக்ஸ், அவ்வளவுதான். ஸ்பீக்கர் நான்கும் நல்ல நிலையில் இருக்கின்றன. பாட்டு எனக்கு மட்டும் என்றால் சிடி, ரேடியோ என்று ஓட்டிவிடலாம். ஆனால் வண்டியில் ஏறுகிறவர்கள் பல தரம். திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கும் மலேசியா, சிங்கப்பூர்க்காரர்கள், ராத்திரி பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து கானாடுகாத்தானில் தங்கப் போகும் சென்னைக்காரர்கள், நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் கிளம்பும் ஆச்சிமார்கள். ஒவ்வொருவர் பாட்டும் அவரவர் போனில் இருக்கிறது. ஒயரை நீட்டினால், இப்போது வரும் போன்களில் பாதிக்கு மேல் அதைச் செருக ஓட்டையே இல்லை. அதனால் ஒயர் இல்லாத வழிதான் வேண்டியிருந்தது.

முதலில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைப் பற்றி. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் குத்தி வைக்கும் குச்சி அது. போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டை வாங்கி, தானே ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷனாக மாறி எஃப்எம்மில் அனுப்பும். அது காட்டும் எண்ணுக்கே செட்டின் ரேடியோவைத் திருப்ப வேண்டும். 87.5லிருந்து 108 வரை எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் ஓட்டும்போது குறை சொல்ல முடியாது. செக்காலை ரோட்டில் ஒன்றும் தெரியாது. கோட்டையூர், பள்ளத்தூர் போய் வரலாம், நன்றாகப் பாடும்.

மதுரை சவாரி வந்தால்தான் சங்கதி புரியும். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தாண்டி திருப்பத்தூர் வரைக்கும் காலியாக இருந்த இடத்தில், மேலூர் நெருங்க நெருங்க மதுரை ஸ்டேஷன்கள் வந்து உட்காரும். 93.5, 98.3, 106.4 மூன்றும் அங்கே பலமாக அடிக்கும். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் 100.5 ஊர் ஊராகப் பாய்வது எல்லாருக்கும் தெரியும். இந்த எண்களை மட்டும் தவிர்த்தால் போதாது, இவற்றை ஒட்டியுள்ள இடங்களிலும் இரைச்சல் கசியும். எஃப்எம்மின் குணம் என்னவென்றால், ஒரே இடத்தில் இரண்டு அலை வந்தால் பலமான அலையை மட்டும் ரேடியோ பிடித்துக்கொள்ளும். குச்சியின் சக்தியோ மிகக் குறைவு. ஆகவே மேட்டில் ஏறினால் அவர்கள் விளம்பரம், பள்ளத்தில் இறங்கினால் நம் பாட்டு. பின்சீட்டில் ஒரு ஆச்சி கண்ணை மூடிக் கந்தர் அலங்காரம் கேட்டுக்கொண்டு வரும்போது நடுவில் நகைக்கடை விளம்பரம் புகுந்தால் எப்படி இருக்கும்? "தம்பி, அதை நிறுத்திடுப்பா" என்றுதான் சொல்வார்கள். ஓட்டிக்கொண்டே குச்சியிலும் செட்டிலும் எண்ணை மாற்றுவது ஆபத்து. நான் ஓரங்கட்டித்தான் மாற்றினேன்.

சத்தத்தின் தரம் இன்னொரு விஷயம். எஃப்எம் ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான மிகக் கூர்மையான சத்தம் போகாது. அதை எல்லாரும் கண்டுபிடித்துவிட மாட்டார்கள். ஆனால் அடியில் ஓடும் 'உஸ்' சத்தத்தைக் கண்டுபிடிக்கலாம். நான் எந்தச் செட்டைச் சோதித்தாலும் காரைக்குடி மணி அவர்களின் மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றைப் போடுவேன். நம் ஊர்ப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர், 2023ல் காலமானார். அவர் வாசிப்பில் அடிக்கு அடி இடைவெளி தெளிவாக இருக்கும், அந்த இடைவெளிதான் சோதனை. குச்சி வழியாகக் கேட்டால் ஒவ்வொரு இடைவெளியிலும் அந்த 'உஸ்' வந்து நிரப்பியது. ஆக்ஸ் ரிசீவரில் இடைவெளி இடைவெளியாகவே இருந்தது. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் கணீரும் தனியாகக் கேட்டது. இந்த ஒன்றுக்காகவே எனக்கு ரிசீவர் பிடித்துப்போயிற்று.

சரி, ரிசீவருக்கு வருவோம். கட்டைவிரல் அளவுப் பெட்டி. ஒரு முனையில் ஆக்ஸ் பின், மறுமுனையில் கரண்ட். நான் 450 ரூபாய் கொடுத்தேன். ஒரே பொருள் பல பெயரில் விற்கிறது என்பதால் பெயரைப் பார்க்காமல் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, உள்ளே பேட்டரி இருக்கிறதா என்பது. பேட்டரி உள்ளது ஒயர் தொங்காமல் அழகாக இருக்கும், ஆனால் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் மதியம் ஒரு மணி நேரம் வண்டி நின்றால் டாஷ்போர்டைக் கையால் தொட முடியாது. லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எதிரி, 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பார்கள். தெரிந்த டிரைவர் ஒருவர் வைத்திருந்த பேட்டரி ரிசீவர் ஒரே கோடையில் உப்பிவிட்டது. பேட்டரியே இல்லாமல் யுஎஸ்பி ஒயரில் நேராகக் கரண்ட் எடுப்பதை வாங்குங்கள். சாவியைத் திருப்பியதும் அது தானாக உயிர்பெறும், போனும் தானாக இணைந்துகொள்ளும், நீங்கள் சீட் பெல்ட் மாட்டி முடிப்பதற்குள் பாட்டு வந்துவிடும். சாவியை எடுத்தால் அணைந்துவிடும்.

இரண்டாவது, பென்டிரைவ் மாதிரி இருக்கும் ஒரு வகை. செட்டின் யுஎஸ்பியில் குத்தினால் பாட்டு வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலானவை யுஎஸ்பியில் கரண்ட் மட்டும்தான் எடுக்கும், சத்தம் ஆக்ஸ் ஒயர் வழியாகத்தான் போக வேண்டும். ஆக்ஸ் இல்லாத செட்டுக்கு அதை வாங்கி என்ன பயன்?

இனி, இதை வாங்குகிற பலர் திருப்பிக் கொடுக்கும் காரணம். ரிசீவருக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்தே கரண்ட் கொடுத்தால், பாட்டுக்கு அடியில் 'ஙீ...' என்று ஓர் ஊளை கேட்கும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஊளை உயரும், காலை எடுத்தால் இறங்கும். ரிசீவர் கெட்டது என்று நினைத்துவிடுவார்கள். அது வண்டிக்குக் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் சத்தம். செட்டும் ரிசீவரும் வெவ்வேறு வழியில் பாடியில் எர்த் ஆகி, ஆக்ஸ் ஒயர் அந்த இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுவதால் வருவது. இதற்கு மருந்து கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். கடையில் நாய்ஸ் ஃபில்டர் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர், வேறொன்றும் இல்லை. ஆக்ஸ் ஓட்டைக்கும் ரிசீவருக்கும் நடுவில் மாட்டியதும் ஊளை சுத்தமாக நின்றது.

ஒரு விலை உண்டு. மலிவான ஐசொலேட்டரில் அடிச்சத்தம், அதாவது பாஸ், கொஞ்சம் மெலியும். மணி அவர்களின் அதே தனியைப் போட்டுக் கேட்டேன். இடது முகமான தொப்பிப் பக்கத்து கும்காரம் முன்பு வயிற்றில் வந்து மோதியது, இப்போது காதோடு நின்றுவிட்டது. செட்டில் பாஸை இரண்டு புள்ளி ஏற்றி வைத்திருக்கிறேன். ஊளையோடு கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். இன்னொரு வழி, ரிசீவருக்கு மட்டும் தனியாக ஒரு பவர் பேங்கிலிருந்து கரண்ட் கொடுப்பது. அதிலும் ஊளை வராது, பாஸும் குறையாது, ஆனால் திரும்பவும் பேட்டரி, திரும்பவும் வெயில்.

வால்யூம் விஷயத்தில் ஒரு பழக்கம் வேண்டும். போனில் வால்யூமை முக்கால் பாகத்துக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டு, மிச்சத்தைச் செட்டில் சரிசெய்யுங்கள். போனில் குறைத்து செட்டில் ஏற்றினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அப்புறம் ஆக்ஸிலிருந்து ரேடியோவுக்கு மாற்றுவதற்கு முன்னால் செட்டைக் குறைத்துவிடுங்கள். ஆக்ஸுக்கு வைத்த வால்யூமில் ரேடியோ திடீரென்று அலறும், தூங்கிக்கொண்டு வரும் குழந்தை பதறி எழுந்துவிடும்.

போன் பேச்சுக்கு இந்த ரிசீவர் உதவாது. மைக் கியர் பக்கத்தில் கிடக்கிறது, ஏசி காற்றும் டயர் சத்தமும்தான் அந்தப் பக்கம் போகும். ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத் அமைப்புக்குள் போய் இந்தக் கருவியின் பெயரைத் தொட்டால், போன் அழைப்பு, மீடியா ஆடியோ என்று தனித்தனியாக இருக்கும். அழைப்பை அணைத்துவிட்டு மீடியாவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சவாரிக்காரர்களுக்கும் இது நல்லது. பின்சீட்டில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் அது ஸ்பீக்கரில் வண்டி முழுக்கக் கேட்க வேண்டியதில்லை.

மேப் குரல் ஸ்பீக்கரில் வருவது எனக்குப் பிடித்த வசதி. பாட்டைத் தாழ்த்தி 'இடது பக்கம் திரும்பவும்' என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏற்றும். ஆனால் கானாடுகாத்தான், ஆத்தங்குடித் தெருக்களில் அதை நம்பி மட்டும் போகாதீர்கள். அங்கே வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். மேப் பல நேரம் பின்கட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்தாயிற்று என்று சொல்லும்.

வேற்று ஆள் போன்களை இணைப்பதில் ஒரு கவனம். இவை பழைய போன்களை நினைவில் வைத்திருக்கும். நேற்று ஏறிய விருந்தாளி ஹோட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தாலே அவர் போன் வண்டியோடு சேர்ந்துகொள்ளும், என் போன் வெளியே நிற்கும். சவாரி முடிந்து இறங்கும்போது அவர்கள் போனிலிருந்து வண்டியின் பெயரை நீக்கிவிடச் சொல்கிறேன். அவர்களுக்கும் அது நிம்மதி. பிள்ளைகள் பின்சீட்டில் வீடியோ பார்த்தால் உதடு அசைந்த பிறகு பேச்சு வருகிற மாதிரி ஒரு சின்னத் தாமதம் தெரியும். பாட்டுக்கு அது பொருட்டே இல்லை.

'இதெல்லாம் எதற்கு, செட்டையே மாற்றிவிடுங்கள்' என்று ஒரு கடையில் விடாமல் வற்புறுத்தினார்கள். பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்டு செட்டைக் காட்டினார்கள். ஸ்பீக்கரும் செட்டும் கெட்டுப் போயிருந்தால் அது நியாயம். நல்ல செட்டைக் கழற்றி ஒயரிங்கை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கில் செலவு செய்ய எனக்கு மனசு வரவில்லை. ரிசீவரும் ஐசொலேட்டரும் சேர்ந்து 700 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது.

ஆக்ஸே இல்லாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு எஃப்எம் குச்சிதான் கதி, அதைக் குறை சொல்லமாட்டேன். 87.5 அல்லது 108 என்று ஓரத்து எண்ணில் வைத்துப் பாருங்கள், அங்கேதான் தொந்தரவு குறைவு. என் குச்சியும் இன்னும் சாக்கெட்டில்தான் இருக்கிறது, அதிலுள்ள இரண்டு யுஎஸ்பியில் ஒன்று ரிசீவருக்கு, இன்னொன்று பின்சீட்டு சார்ஜுக்கு. நம் பக்கத்து வீடுகளில் இன்னும் அம்பாசடரைத் துடைத்து வைத்திருக்கிறார்கள், அதில் கேசட் செட் ஓடிக்கொண்டிருந்தால் கேசட் வடிவிலேயே ப்ளூடூத் கிடைக்கிறது. பள்ளத்தூரில் ஒரு வீட்டு வண்டியில் கேட்டேன், குச்சியைவிடத் தெளிவாகப் பாடியது. அதற்குள் பேட்டரி உண்டு, வண்டியை வெயிலில் விடும்போது கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.