ஒரு ஒலிப்பதிவுக் கலையகத்தின் முறைப்பாட்டுத் தாள்: பாவனைக்கு உதவுமா?

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஒலிப்பதிவுக் கலையகம், நேரம் ஒதுக்க முற்பணம் கட்டும்போது பற்றுச்சீட்டோடு இரண்டு பக்கத் தாளொன்றையும் தருகிறது. பாட வந்தவரிடம் யாராவது முறைகேடாக நடந்தால், காசு இழுபட்டால், கோப்புத் தொலைந்தால், பெயர் விடுபட்டால் யாரிடம் சொல்வது, அதன்பிறகு என்ன நடக்கும் என்பது அதில் இருக்கிறது. யாழில் இப்படி எழுதிக் கொடுப்பவர்கள் அரிது. வழமையில், பெரியவர் ஒருவர் வந்து இரண்டு தரப்பையும் இருத்தி, தேத்தண்ணி வார்த்து, "விடுங்கோ தம்பி, எல்லாரும் ஒரே துறைக்காரர்தானே" என்று முடித்துவிடுவார். வாய் திறந்த பிள்ளைக்கு அடுத்த திருவிழாக் காலத்தில் அழைப்பு வராது. ஆகவே சொன்னவருடைய வேலையை இந்தத் தாள் காப்பாற்றுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் காப்பாற்றுகிறது. முறைப்பாடு கிடைத்தது என்று 48 மணித்தியாலத்துக்குள் எழுத்தில் பதில் வரும். சொன்னவருக்கு ஒதுக்கிய நேரம் மாறாது. சொல்லப்பட்டவரின் நேரத்தைத்தான் மாற்றுவார்கள். பேசிய தொகையை விசாரணையைக் காட்டி நிறுத்திவைக்க முடியாது. இந்த மூன்றாவது வரிதான் தாளின் உயிர். கோயில் பக்திப்பாடல் இறுவட்டுக்குப் பாடுபவருக்கு மிச்சக் காசு பாட்டு முடிந்து கையில் கொடுக்கும்போதுதான் வரும். அந்த மிச்சம் மற்றவர் கையில் இருக்கும்வரை யார் வாய் திறப்பார்? அதோடு இங்கே தபேலாக்காரர் ஒருவர் நாலு குழுவில் வாசிப்பார். அவரை ஒரேயடியாக ஒதுக்குவது நடக்காத காரியம். நேரத்தை மாற்றுவது நடக்கும்.

பாடகர் அறைக்குச் செய்திருக்கும் ஏற்பாடு இன்னும் நல்லது. ஒலி வெளியேறாமல் அடைத்த அறை அது. உள்ளே யாராவது சத்தம் போட்டாலும் வரவேற்பறையில் கேட்காது. ஹெட்போன் போட்டவருக்கு, பொறியியலாளர் பேசும் பொத்தானை அழுத்தினால் மட்டுமே வெளிக்குரல் கேட்கும். வெளியில் தன்னைப் பற்றி என்ன பகிடி நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இங்கே கதவில் நெஞ்சு உயரத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பதிவு நடக்கும்போது பொறியியலாளர் தவிர இன்னொருவரும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பார். மைக் உயரத்தைப் பாடகர் உள்ளே வருமுன்பே சரிசெய்ய வேண்டும். பிறகு மாற்றுவதென்றால் பாடகர் விலகி நின்றபிறகே கை வைக்கலாம். ஹெட்போனை அவரே போட்டுக்கொள்வார். "பொசிசன் சரியில்லை" என்று தோளைப் பிடித்துத் திருப்பும் பழக்கம் இந்த ஒரு வரியோடு நின்றுவிடும்.

கோளாறு விசாரணையில்தான். தொடர்புக்கு இரண்டு பேர்: ஒருவர் உரிமையாளர், மற்றவர் அவருடைய மச்சான், அங்கேயே ஒலிக்கலவை செய்பவர். முறைப்பாடே மச்சான் மேல் என்றால்? வெளியாள் ஒருவர் கட்டாயம் வேண்டும். சட்டத்தரணியோ ஓய்வுபெற்ற அதிபரோ, கலையகத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவராக, முடிந்தால் பெண்ணாக இருக்கட்டும்.

அடுத்தது கண்காணிப்புக் கமரா. நாலு கமராவும் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் 1 டெராபைட் தட்டு ஏறக்குறைய 11, 12 நாளில் நிறைந்துவிடும். பிறகு பழையதன் மேலேயே எழுதும். விசாரணைக்குத் தாள் கொடுக்கும் காலமோ 14 நாள். முறைப்பாடு வந்த அன்றே அந்த நாளின் காட்சியை வேறு தட்டில் பிரதி எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்காவிட்டால், விசாரிக்கத் தொடங்கும்போது பார்க்க ஒன்றும் இருக்காது. வருகைக் கொப்பியில் உள்ளே வந்த நேரமும் வெளியேறிய நேரமும் எழுதுகிறார்கள்; அது உதவும்.

சிறுவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது பெரிய குறை. நல்லூரின் 25 நாள் திருவிழாவுக்கு முன் இந்த அறைகளுக்கு வருபவர்களில் பாதிப்பேர் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். 18 வயதுக்குக் குறைந்தவர் விடயத்தைக் கலையகம் தானே விசாரிக்கக்கூடாது. சிறுவர் உதவி இலக்கமான 1929இற்குச் சொல்ல வேண்டும். வளர்ந்தவர்களுக்கும் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் வரும் குற்றம். 5 வருடம் வரை சிறை உண்டு. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். மத்தியஸ்த சபை காசுத் தகராறுக்குப் பொருத்தம், இதற்கு அல்ல. தாளின் கடைசியில் இந்த இலக்கங்களை அச்சிடுவதற்கு என்ன செலவு?

பெயர், உரிமைப் பகுதி பரவாயில்லை. இசையமைத்தவர், எழுதியவர் பெயர் யூடியூப் விபரத்தில் வர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைச் சுட்டியிருக்கிறார்கள். ஆனால் கலையகம் தன் பெயரில் விநியோகித்த பாட்டை, பாடியவர் தன் யூடியூப் பக்கத்தில் போட்டவுடன் தானாகவே உரிமைக் கோரல் விழுகிறது. மறுத்தாலும் எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள் எடுக்கலாம். பாடியவரின் பக்கத்தை, கோரல் விழாத விதிவிலக்குப் பட்டியலில் முன்கூட்டியே சேர்ப்பது ஐந்து நிமிட வேலை.

மன்னிப்பு வாசகத்தை அடியோடு மாற்ற வேண்டும். இரு தரப்பையும் நேரில் இருத்தி மன்னிப்புக் கேட்க வைப்பதாக எழுதியிருக்கிறார்கள். அதே தேத்தண்ணிச் சமாதானம் மறுபடி பின்கதவால் வருகிறது. பாதிக்கப்பட்டவர் கேட்டால் மட்டும் நேரில் சந்திக்கலாம். மற்றபடி எழுத்தில் போதும். என்ன செய்தேன், இனி எந்த அறையில் யாரோடு வேலை செய்யமாட்டேன், இழந்த பதிவு நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறேன் என்று அதில் இருக்க வேண்டும். "மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்கும் கடிதத்தைக் கலையகமே திருப்பி அனுப்பட்டும்.

இவர்கள் மேடைக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே இந்தத் தாள் செல்லாது. 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் கூட்டம் தடுப்புகளைத் தாண்டி இசை நிகழ்ச்சி குழம்பியது ஊருக்கே தெரியும். அப்படி நடந்தால் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று முன்பே எழுதி ஒலிமேசையில் ஒட்டியிருக்க வேண்டும்.

வளர்ந்தவர்கள் இங்கே நம்பிப் பதிவு செய்யலாம். பிள்ளையைக் கூட்டிப்போவதென்றால் தாயோ தகப்பனோ கட்டுப்பாட்டு அறைக்குள் இருக்க இடம் கேளுங்கள். முற்பணம் கட்டுமுன் தாளை வாங்கி, மச்சான் பெயருக்குப் பதிலாக வெளியாள் பெயர் வந்துவிட்டதா என்று பாருங்கள்.